புதரை வெட்டினால் துப்பாக்கி ஓயுமா?

சுற்றுவழியில் போகும் கால்கள்

இரவு பத்து மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவருக்கு வீட்டுக்குப் போக இரண்டு வழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஐந்தே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சந்து. அதன் ஒரு பக்கம் நீண்ட மதில், மறுபக்கம் முள் மண்டிய காலி மனை. இன்னொன்று, பத்து நிமிடம் பிடிக்கும் கடைத்தெரு. டீக்கடையும் மருந்துக்கடையும் திறந்திருக்கும், மாடி ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும். பெரும்பாலானோர், அதிலும் பெண்கள், யோசிக்காமலே சுற்றுவழியில்தான் போவார்கள். அந்தச் சந்தில் யாரும் யாரையும் வழிமறித்ததாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஊர் ஒன்றுதான், மக்களும் அதே மக்கள்தான், இரண்டு தெருவுக்கும் காவல் நிலையம் ஒன்றே. பிறகு ஏன் ஒரு தெரு அச்சம் தருகிறது, அடுத்த தெரு தைரியம் தருகிறது? இது வெறும் மனப்பிரமையா, அல்லது அந்த அச்சத்துக்குள் உண்மையான அறிவு ஏதேனும் இருக்கிறதா?

குற்றம் என்றதும் நம் பேச்சு ஆளை நோக்கித்தான் போகிறது. யார் செய்தது, வளர்ப்பு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, எத்தனை ஆண்டு உள்ளே தள்ளலாம் என்றெல்லாம் கேட்கிறோம். குற்றவியலும் நெடுங்காலம் இவற்றையே கேட்டது. தேவையான கேள்விகள்தான். ஆனால், எங்கே நடந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஓராண்டில் காவல்துறைக்கு வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்து, 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். நகரின் முகவரிகளில் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டிய இடங்களிலிருந்து மட்டும் அழைப்புகளில் பாதி வந்திருந்தன. பின்னர் டேவிட் வைஸ்பர்டின் குழு சியாட்டில் நகரின் 14 ஆண்டுப் பதிவுகளை அலசியது. அங்கே தெருத்துண்டுகளில், அதாவது ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடைப்பட்ட பகுதிகளில், 4 அல்லது 5 சதவீதத்தில் மட்டுமே குற்றங்களில் பாதி நடந்திருந்தது.

இந்த எண்களுக்கு ஆழமான பொருள் உண்டு. 'மோசமான பேட்டை' என்று முத்திரை குத்தப்பட்ட பகுதிகளில்கூடப் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகவே இருக்கின்றன. அதே வறுமை, அதே வேலையின்மை, அதே பள்ளிகள் என்று எல்லாம் பொதுவாக இருந்தும், குற்றம் சில முனைகளில் மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்படியானால் மனிதர்களுக்கு இருப்பதுபோல் இடத்துக்கும் ஒரு குணம் இருக்க வேண்டும். அந்தக் குணத்தைக் கட்டடக்கலைஞரும் நகராட்சிப் பொறியாளரும் தோட்டக்காரரும் மாற்ற முடியுமா? முடியும் என்பதே இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து. எந்த வகை மாற்றம் பலன் தருகிறது என்பதில்தான் நாம் அடிக்கடி தவறிவிடுகிறோம். பாதுகாப்பு என்றதும் மதிலை உயர்த்துகிறோம், கதவைப் பூட்டுகிறோம். ஆனால் மிக உறுதியான சான்றுகள் கிடைத்திருக்கும் இடங்களில், மக்களை வெளியே வரவைத்த மாற்றங்களே பலன் தந்திருக்கின்றன.

பார்க்கும் கண்கள்

இந்தச் சிந்தனையைப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர் ஜேன் ஜேக்கப்ஸ். நகரத் திட்டமிடலில் பட்டம் எதுவும் பெறாத பத்திரிகையாளர். நியூயார்க்கில் வாழ்ந்த அவர் 1961-இல் வெளியிட்ட நூலில் ஒரு தெருவைப் பாதுகாப்பானதாக்குவது எது என்று கேட்டார். கடைக்காரர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள், போவோர் வருவோர் ஆகியோரின் கண்கள்தான் முதல் காவல் என்பது அவருடைய விடை. காவலர் வருவது அதற்குப் பிறகுதான். திண்ணை வைத்த வீடுகள் வரிசையாக நின்ற தெருவை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1971-இல் ரே ஜெஃப்ரி என்ற குற்றவியலாளர் இந்தத் துறைக்கே ஒரு பெயர் வைத்தார். அதைத் தமிழில் 'சூழல்வழிக் குற்றத்தடுப்பு' எனலாம். கட்டடம், வெளிச்சம், வேலி, மரம், வாசல் ஆகியவற்றை அமைக்கும் விதத்தால் குற்றத்துக்கான வாய்ப்பைக் குறைப்பது என்பது அதன் பொருள்.

அடுத்த ஆண்டே ஆஸ்கார் நியூமன் என்ற கட்டடக்கலைஞர் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஓர் ஒப்பீட்டைக் கொண்டுவந்தார். நடுவே ஒரு தெரு, இருபுறமும் அரசு கட்டிய ஏழைக் குடியிருப்புகள். 1948-இல் கட்டி முடித்த பிரவுன்ஸ்வில் 3 முதல் 6 மாடி வரை உயர்ந்தது. 1955-இல் முடிந்த வான் டைக்கில் பெரும்பகுதி 14 மாடிக் கோபுரங்கள். ஏக்கருக்கு எத்தனை பேர் என்ற நெருக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, குடியிருந்தவர்களின் வருமானமும் பின்னணியும் ஒரே மாதிரிதான். ஆனாலும் கோபுரங்கள் நின்ற வான் டைக்கில் வழிப்பறி மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. நியூமன் தந்த விளக்கம் எளிமையானது. சின்னக் கட்டடத்தில் ஒரு வாசலைச் சில குடும்பங்கள் மட்டுமே பயன்படுத்துகின்றன. யார் நம் ஆள், யார் அந்நியர் என்று தெரியும், படிக்கட்டைத் தங்களுடையதாக நினைப்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே வாசலில் புகுந்து வெளிவரும் கோபுரத்தில் நடைபாதையும் மின்தூக்கியும் யாருக்கும் சொந்தமில்லாதவை ஆகிவிடுகின்றன.

நியூமன் சொன்னதில் சரக்கு இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. அவருக்குப் பிடித்த இன்னொரு உதாரணம் செயின்ட் லூயிஸ் நகரின் புரூயிட்-ஐகோ. 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள், 1950-களின் நடுவில் குடியேற்றம், 1972 முதல் வெடிவைத்துத் தகர்ப்பு. வடிவமைப்புதான் அந்தக் குடியிருப்பைக் கொன்றது என்று பலர் எழுதினார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் அந்த நகரமே ஆட்களை இழந்துகொண்டிருந்தது. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வீடுகள் காலியாகக் காலியாக வாடகை குறைந்தது, மின்தூக்கியைப் பழுதுபார்க்கவும் உடைந்த ஜன்னலை மாற்றவும் பணமில்லை. வடிவமைப்பும் பராமரிப்பும் வறுமையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு குடியிருப்புகளை ஒப்பிடுவது யோசனைக்கு வழி திறக்கும், தீர்ப்புக்குப் போதாது. தீர்ப்புக்கு வேறு வகைச் சான்று வேண்டும். அது கிடைக்கக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் ஆயின, கிடைத்ததும் கட்டடங்களிலிருந்து அல்ல, கட்டடங்கள் இடிந்துபோன வெற்று மனைகளிலிருந்து.

பிலடெல்பியாவின் காலி மனைகள்

பிலடெல்பியா 1950-இல் 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த தொழில் நகரம். ஆலைகள் மூடப்பட்டன, வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். 2000-இல் மக்கள்தொகை சுமார் 15 லட்சம்தான். போனவர்களின் வீடுகள் பூட்டிக்கிடந்து, சிதைந்து, இடிக்கப்பட்டன. வரிசை வீடுகளின் நடுநடுவே இப்படி உண்டான காலி மனைகள் சுமார் 40,000. பழைய டயர், கிழிந்த மெத்தை, கட்டட இடிபாடு, போதை ஊசி எல்லாம் அங்கே குவிந்தன. கோடையில் களைகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. பெரும்பாலான மனைகளுக்குச் சட்டப்படி உரிமையாளர் உண்டு, ஆனால் வரி பாக்கி வைத்துவிட்டு எங்கோ போய்விட்டவர். அண்டையில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வேறிடம் போக வழியில்லாத கறுப்பின ஏழைக் குடும்பங்கள்.

பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் என்ற பழைய அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து இந்த மனைகளைச் சீராக்கும் ஒரு திட்டத்தை நடத்திவந்தது. செய்யும் வேலை மிகச் சாதாரணம். குப்பையையும் இடிபாட்டையும் அள்ளுவார்கள். நிலத்தைச் சமன்செய்து புல் விதைப்பார்கள். சில மரக்கன்றுகளை நடுவார்கள். சுற்றிலும் இடுப்பளவு மரவேலி. வளரும் பருவத்தில் தவறாமல் வந்து புல் வெட்டிக் குப்பை பொறுக்குவார்கள். இந்த வேலி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இரண்டு மூன்று குறுக்குக் கட்டைகள் மட்டுமே கொண்டது, உள்ளே நடந்துபோக இடைவெளியும் விட்டிருக்கும். குழந்தையோ முதியவரோ தடையின்றி உள்ளே போகலாம், லாரி ஏறிவந்து குப்பை கொட்ட மட்டும் முடியாது. தெருவிலிருந்து பார்த்தால் மனை முழுதும் தெரியும். மரங்களையும் பார்வையை மறைக்காதபடி விட்டு விட்டே நட்டார்கள். இந்த மனையை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்ற செய்தியை அந்தக் கட்டைகள் சொல்லிவிடுகின்றன.

சுற்றுப்புறம் பார்க்க அழகானது என்பதில் சந்தேகமில்லை. குற்றம் குறைந்ததா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நோய்ப்பரவலியல் அறிஞர் சார்ல்ஸ் பிரானஸும் அவருடைய குழுவும் முதலில் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். 1999 முதல் 2008 வரை பசுமையாக்கப்பட்ட 4,436 மனைகளை, கைவைக்கப்படாத அதுபோன்ற மனைகளோடு ஒப்பிட்டார்கள். பசுமையாக்கப்பட்டவற்றின் அருகே துப்பாக்கித் தாக்குதல்கள் குறைந்திருந்தன. 2011-இல் இது வெளிவந்தபோது நியாயமான ஒரு சந்தேகமும் கூடவே எழுந்தது. எந்த மனையைச் சீராக்குவது என்று தேர்ந்தெடுத்தவர்கள், ஏற்கெனவே முன்னேறிக்கொண்டிருந்த தெருக்களையே தேர்ந்தெடுத்திருந்தால்? குரல் கொடுக்கத் தெரிந்த மக்கள் உள்ள தெருவுக்கே திட்டம் முதலில் போயிருந்தால்? குற்றம் புல்லால் குறைந்ததா, அந்த மக்களால் குறைந்ததா?

குலுக்கிப் போட்டு அறிதல்

புதிய மருந்தைச் சோதிக்கும்போது மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மருந்து தருகிறார்கள். வயது, உடல்வலிமை, உணவு, அளக்கத் தெரியாத இன்னும் நூறு வேறுபாடுகள் என எல்லாமே இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். பிறகு தெரியும் வித்தியாசத்துக்கு மருந்தைத் தவிர வேறு விளக்கம் தேடுவது கடினம். இதையே நிலத்துக்குச் செய்தால் என்ன என்று பிரானஸ், யூஜினியா சவுத், ஜான் மெக்டொனால்ட், மிஷெல் கோண்டோ உள்ளிட்டோர் அடங்கிய குழு யோசித்தது. சவுத் அவசர சிகிச்சை மருத்துவர். துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவர்கள் கொண்டுவரப்படும் பிரிவில் வேலை செய்பவர், குண்டு பாய்வதற்கு முன்பே செய்யக்கூடியது என்ன என்று தேடியவர்.

நகரெங்கிலுமிருந்து 541 காலி மனைகளைத் தேர்ந்தார்கள். அருகருகே இருந்தவற்றைச் சேர்த்து 110 தொகுதிகளாக்கினார்கள். தனித்தனி மனையாகக் குலுக்காமல் தொகுதியாகக் குலுக்கியதற்குக் காரணம் உண்டு. பக்கத்துப் பக்கத்து மனைகளில் ஒன்றைச் சீராக்கி மற்றதை விட்டால், முதலாவதன் நன்மையோ தீமையோ இரண்டாவதிலும் கலந்து ஒப்பீடு குழம்பிவிடும். குலுக்கலில் தொகுதிகள் மூன்று வகையாகப் பிரிந்தன. ஒரு வகைக்கு மேலே சொன்ன முழுப் பசுமையாக்கம். இரண்டாவது வகைக்குக் குப்பை அள்ளுதலும் புல் வெட்டுதலும் மட்டும். மூன்றாவது வகை இருந்தபடியே விடப்பட்டது. வேலை 2013-இல் நடந்தது. முன்னும் பின்னும் பதினெட்டு மாதங்கள் காவல்துறையின் குற்றப் பதிவுகளைக் கணக்கிட்டார்கள். அதோடு, மனைகளின் அருகே குடியிருந்த 445 பேரிடம் நேர்காணல் நடத்தினார்கள். அவர்களிடம் நகர வாழ்வும் உடல்நலமும் பற்றிய ஆய்வு என்றுதான் சொல்லப்பட்டது, காலி மனைகள்தான் ஆய்வின் மையம் என்று சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் ஆய்வாளரை மகிழ்விக்கும் பதில்கள் வந்திருக்கக்கூடும்.

முடிவுகள் 2018-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியாயின. கைவைக்காத மனைகளின் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டபோது, சீராக்கிய மனைகளின் அருகே வாழ்ந்தவர்களிடம் வெளியே போக அஞ்சும் கவலை சுமார் 58 சதவீதம் குறைந்தது. வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து பேசிப் பழகுவது சுமார் 76 சதவீதம் கூடியது. இவை மக்கள் சொன்னவை. காவல்துறைப் பதிவுகளும் அதே பக்கம் நின்றன. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில் மொத்தக் குற்றங்கள் 13 சதவீதமும், வீடு புகுந்து திருடுதல் சுமார் 22 சதவீதமும், துப்பாக்கி வன்முறை 29 சதவீதமும் குறைந்தன. கடைசி எண்ணை வாசகர் நிதானமாகப் பார்க்க வேண்டும். புதிய சட்டம் வரவில்லை. கூடுதல் காவலர் வரவில்லை. யாருக்கும் வேலையோ பணமோ தரப்படவில்லை. புல், கன்று, மரக்கட்டை இவ்வளவுதான் வந்தன, சுடுவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

புல்லுக்கும் தோட்டாவுக்கும் என்ன உறவு?

குலுக்கல் முறை, காரணம் இதுதான் என்று காட்டும். எந்த வழியாக அது வேலை செய்கிறது என்பதை வேறு தடயங்களிலிருந்து ஊகிக்க வேண்டும். முதல் தடயத்தைத் தந்தவர்கள் அந்தப் பகுதி மக்களே. களை மண்டிய மனைகள் துப்பாக்கிகளின் மறைவிடம் என்றார்கள். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் சோதனையில் மாட்டிக்கொள்வார். பத்தடி தள்ளிப் புதருக்குள்ளோ டயருக்குள்ளோ போட்டுவைத்தால் மாட்டமாட்டார், சண்டை மூண்டால் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கும். தெருச்சண்டைகள் பெரும்பாலும் திட்டமிட்டவை அல்ல, நிமிடங்களில் சூடேறுபவை. ஆயுதம் எடுக்க வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தால், பல சண்டைகள் வாய்ச்சண்டையோடு முடிந்துவிடும். மட்டமாக வெட்டிய புல்லில் துப்பாக்கியை ஒளித்துவைக்க முடியாது.

இரண்டாவது தடயம், வெளியே வந்து உட்கார்ந்த மக்கள். ஜேக்கப்ஸ் சொன்ன கண்கள் இவை. இங்கே ஒரு சுழற்சி தொடங்குகிறது. மனை துப்புரவானதும் அச்சம் குறைகிறது, அச்சம் குறைவதால் ஆட்கள் வெளியே வருகிறார்கள், ஆட்கள் இருப்பதால் குற்றம் செய்பவர் தயங்குகிறார், அதனால் அச்சம் மேலும் குறைகிறது. கைவிடப்பட்ட மனை இதே சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் முதலில் கேட்ட கேள்விக்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. சந்தைத் தவிர்க்கும் கால்களுக்கு உண்மையான அறிவு இருக்கிறது. ஆனால் எல்லோரும் தவிர்ப்பதாலேயே அந்தச் சந்து மேலும் ஆபத்தானதாகிறது.

உடலும் இதை உணர்கிறது. சவுத்தின் குழு முன்பு செய்த இன்னொரு ஆய்வில், குடியிருப்போர் இதயத்துடிப்பை அளக்கும் கருவியை அணிந்துகொண்டு தங்கள் தெருக்களில் நடந்தார்கள். பசுமையாக்கிய மனையின் பக்கம் வந்தபோது துடிப்பு தணிந்தது. 541 மனைகளின் ஆய்விலிருந்து வெளியான மனநல முடிவுகளும் இதனோடு ஒத்துப்போகின்றன. முழுப் பசுமையாக்கம் நடந்த இடங்களின் அருகே மனச்சோர்வு உணர்வு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. துப்புரவு மட்டும் போதும் என்று நினைக்கும் நிர்வாகிகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த தெருவுக்குப் போய்விட மாட்டார்களா?

எந்த ஊரில் இதைப் பேசினாலும் முதலில் எழும் மறுப்பு இதுதான். இங்கே தடுத்தால் அங்கே போவான், மொத்தக் குற்றம் குறையாது. குற்றவியலில் இதை 'இடப்பெயர்வு' என்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. குற்றம் செய்பவர் எப்படியாவது, எங்கேயாவது செய்தே தீருவார் என்பது அது. இந்த அனுமானத்தைச் சோதிக்க ஒரு வாய்ப்பு எதிர்பாராமல் மேற்கு ஜெர்மனியில் கிடைத்தது. 1980-இல் அங்கே தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு உடனடி அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் விபத்தைக் குறைப்பது மட்டுமே. ஆனால் திருட வருபவரிடம் தலைக்கவசம் இருப்பதில்லை, அது இல்லாமல் ஓட்டினால் காவலர் நிறுத்துவார். 1980-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986-இல் சுமார் 54,000 ஆகிவிட்டது. வண்டி கிடைக்காதவர்கள் காரையும் சைக்கிளையும் திருடியிருக்க வேண்டுமே? கார் திருட்டு சில ஆயிரம்தான் கூடியது. சைக்கிள் திருட்டு 1986-இல் 1980-ஐவிடக் குறைவாகவே இருந்தது. சுமார் ஒரு லட்சம் திருட்டுகள் எங்கும் இடம்பெயராமல் இல்லாமலே போயின.

ராப் கெரெட்டும் கேட் பவர்ஸும் 2009-இல் இப்படிப்பட்ட 102 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆராய்ந்த நேர்வுகளில் 26 சதவீதத்தில் ஓரளவு இடப்பெயர்வு தெரிந்தது. 27 சதவீதத்தில் அதற்கு நேர் எதிரானது நடந்தது, நடவடிக்கை எடுக்காத பக்கத்துப் பகுதிகளிலும் குற்றம் குறைந்தது. நன்மையும் பரவும் என்பதை மறுப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இடப்பெயர்வு சில இடங்களில் உண்மை, ஆனால் அது விதி அல்ல. பிலடெல்பியா ஆய்விலும் குற்றம் பக்கத்துத் தெருக்களுக்குத் தள்ளப்பட்டதற்கான குறிப்பிடத்தக்க அடையாளம் கிடைக்கவில்லை.

வறுமையை விட்டுவிட்டுப் புல்லை வெட்டுவதா?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது, நேர்மையான மனிதர்களிடமிருந்து வருவது. வேலையின்மை, இனப்பாகுபாடு, போதை, எளிதில் கிடைக்கும் துப்பாக்கி என்று வேர்கள் இருக்க, மேலே பூச்சு வேலை செய்வது ஏமாற்று அல்லவா? வேர்கள் உண்மை. பிலடெல்பியாவின் மனைகள் காலியானதற்கே அவைதான் காரணம். ஆனால் குலுக்கலின் அழகு இங்கேதான் கைகொடுக்கிறது. சீராக்கிய பக்கமும் சீராக்காத பக்கமும் ஒரே அளவு ஏழ்மையில் இருந்தன. ஏழ்மை அப்படியே இருக்கும்போதே துப்பாக்கி வன்முறை குறைந்தது. மிக ஏழ்மையான பகுதிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. வறுமையை ஒழிக்கும்வரை இந்தக் குடும்பங்கள் தோட்டாக்களுக்கு நடுவே காத்திருக்கட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இதைச் செய்துவிட்டோம், இனி வேலைவாய்ப்பும் பள்ளியும் தேவையில்லை என்று ஓர் அரசு சொன்னால், அதையும் அதே கடுமையோடு மறுக்க வேண்டும்.

பூட்டும் விளக்கும்

அப்படியானால் பூட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூலில் வரிசை வீடுகளின் கொல்லைப்புறமாக ஓடும் சந்துகளுக்கு 3,000-க்கும் மேற்பட்ட இரும்புக் கதவுகள் போட்டுச் சாவியைக் குடியிருப்போரிடம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் திருட்டு சுமார் 37 சதவீதம் குறைந்தது. ஆனால் அவை யாரும் நடந்துபோகாத, எந்த ஜன்னலும் நேராகப் பார்க்காத சந்துகள் என்பதையும், சாவி அங்கே வாழ்பவர்கள் கையிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மக்கள் புழங்கும் தெருவையே மதில் கட்டி அடைத்தால், மதிலுக்கு வெளியே இருப்பது கண்களற்ற நீண்ட சுவராகிவிடும். வீடற்றவர் படுத்துவிடக் கூடாது என்று பூங்கா இருக்கைகளுக்கு நடுவே கம்பி வைப்பதும் சூழல்வழிக் குற்றத்தடுப்பு என்ற பெயரிலேயே நடக்கிறது. அதில் தடுக்கப்படுவது குற்றம் அல்ல, ஏழை ஒருவரின் தூக்கம். அறிவியலின் பெயரால் செய்யப்படும் கொடுமை என்றே அதைச் சொல்வேன்.

விளக்கும் இப்படித்தான். 2016-இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில், குற்றம் அதிகமிருந்த சுமார் 80 வளாகங்களைக் குலுக்கிப் பாதிக்கு மட்டும் ஆறு மாதங்களுக்கு ஒளிமிகுந்த விளக்குக் கோபுரங்கள் வைத்தார்கள். இரவில் திறந்தவெளியில் நடக்கும் கடுங்குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. ஆனால் 1990-களின் இறுதியில் சிகாகோவில் வீடுகளின் பின்சந்துகளுக்கு விளக்கு கூட்டியபோது பதிவான குற்றங்கள் குறையவில்லை, கூடின. வெளிச்சத்தில் புகார்கள் அதிகம் பதிவாகியிருக்கலாம், பார்ப்பவர் யாருமில்லாத சந்தில் வெளிச்சம் குற்றவாளிக்கே உதவியிருக்கலாம். கம்பம் நடும் முன் அந்த வெளிச்சத்தில் பார்க்கப்போவது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

செலவும் பொறுப்பும்

ஒரு மனையைப் பசுமையாக்கப் பிலடெல்பியாவில் ஆன செலவு சுமார் 1,600 டாலர். ஆண்டுப் பராமரிப்புக்கு மனைக்குச் சுமார் 180 டாலர். முதல் தொகையைத் தர அரசியல்வாதிகள் எப்போதும் முன்வருவார்கள், திறப்பு விழாவும் படமும் கிடைக்கும். இரண்டாவது தொகைக்கு விழா இல்லை. ஆனால் அதை நிறுத்தினால் ஒரே கோடையில் களை மறுபடி ஆள் உயரம் வளரும், டயர்கள் திரும்பி வரும். புரூயிட்-ஐகோவில் விட்டுப்போனதும் இந்த இரண்டாவது தொகைதான். பிலடெல்பியா இதைத் தொடர்ந்து ஒதுக்கிவருகிறது. புல் வெட்டும் வேலையில் ஒரு பகுதி அந்தந்தப் பகுதிச் சிறு அமைப்புகளுக்கும், சிறையிலிருந்து விடுதலையாகி வேலை தேடுபவர்களுக்கும் போகிறது. வேர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு இது.

ஆகவே, உங்கள் நகராட்சி அடுத்த முறை பாதுகாப்புக்காகக் கேமராவும் விளக்குக் கம்பமும் வாங்கத் தீர்மானம் போடும்போது, அந்தத் தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். பராமரிப்புக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, யார் பொறுப்பில் என்று கேளுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் பணம் போதாது என்றால், எந்த இடத்துக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, முன்னும் பின்னும் கணக்கெடுத்து, முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிடச் சொல்லுங்கள்.